டாங்கர் தீவுக்குப் படகேறும் முன்

சிட்னி சென்ட்ரலில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் புரூக்ளின் வந்துவிடும். அங்கிருந்து சிறு படகில் போனால் டாங்கர் தீவு. சுற்றிலும் ஹாக்ஸ்பரி ஆறு, மேலே யூகலிப்டஸ் காடு, இடையில் ஒரு சிற்றூர். கார்ப் போக்குவரத்து இல்லை. ஊர்க்காரர்கள் மளிகைச் சாமான்களைப் படகுத்துறையிலிருந்து ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வீட்டுக்குத் தள்ளிப் போவார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப் போக அருமையான இடம். ஆனால் அங்கே ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் நேராக வாசலில் வந்து நிற்காது. உதவி ஆற்றைத் தாண்டித்தான் வரவேண்டும். அதனால்தான் உடனே அழைப்பது முக்கியம்.

அழைக்கத் தயங்க வைப்பது பெரும்பாலும் பில். நியூ சவுத் வேல்ஸில் ஆம்புலன்ஸ் கட்டணத்தை மெடிகேர் ஏற்காது. ஓய்வூதியர் சலுகை அட்டை, ஹெல்த் கேர் கார்டு வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. வெளிநாட்டு மாணவர்களின் கட்டாய மருத்துவக் காப்பீட்டில் அவசர ஆம்புலன்ஸ் அடங்கும். விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்கு மெடிகேரே இல்லை. இந்தியாவோடும் இலங்கையோடும் ஆஸ்திரேலியாவுக்கு மருத்துவ ஒப்பந்தம் கிடையாது. ஆகவே அவர்களுடைய பாலிசியில் ஆம்புலன்ஸ் உண்டா, சர்க்கரை, இரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்களா என்று புறப்படும் முன்பே பாருங்கள். பில் வந்தபின் தவணை கேட்கலாம், சலுகைக்கு மனுப் போடலாம். உயிருக்குத் தவணை கிடையாது.

உங்கள் போன் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் சிக்னல் எட்டினால் அவசர உதவி எண்ணான 000-க்கு அழைப்பு போகும். "ஆம்புலன்ஸ்" என்ற ஒரு சொல் போதும்; அடுத்து "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அம்மாவின் போனிலும் எமர்ஜென்சி பிளஸ் செயலியை ஏற்றிவையுங்கள். நிற்கும் இடத்தை அது காட்டும், அதை அப்படியே வாசித்தால் போதும்.

பாம்பு கடித்தால் நம்மவர்கள் முதலில் செய்வது, கடிவாய்க்கு மேல் துண்டை இறுக்கிக் கட்டுவது. இங்கே அது கூடாது. கீறுவதும் உறிஞ்சுவதும் கழுவுவதும் கூடாது. எந்த வகை நஞ்சு என்று மருத்துவமனையில் கண்டறியத் தோலில் ஒட்டிய நஞ்சு உதவக்கூடும். கடித்த இடத்தின் மேல் அகலமான எலாஸ்டிக் பேண்டேஜைச் சுற்றி, பிறகு விரல்நுனிக்குச் சற்று மேலிருந்து தொடங்கிக் கை அல்லது கால் முழுவதும் மேல்நோக்கி அழுத்திச் சுற்றுங்கள். ஒரு குச்சியை வைத்துக் கட்டி அசையாமல் செய்யுங்கள். கடிபட்டவர் ஓரடிகூட நடக்கக் கூடாது. படகுத்துறைவரை நடத்திக் கூட்டி வராதீர்கள். சிட்னிப் பகுதியின் ஃபனல்வெப் சிலந்திக்கும் இதே கட்டுதான். அந்தச் சிலந்தியின் நஞ்சுக்கு 1981 முதல் முறிமருந்து இருக்கிறது. பையில் இரண்டு பேண்டேஜ் இருக்கட்டும்.

ஆறு அமைதியாகத் தெரியும். ஆனால் கடலேற்றம் வந்து போகும் ஆறு, இழுப்பு உண்டு. புல் சுறாக்களும் உலவுகின்றன. பெருமழை பெய்து மூன்று நாள் வரை இறங்காதீர்கள், கழிவு கலந்திருக்கும். வாடகைக்குச் சிறு படகு எடுத்தால், 4.8 மீட்டருக்குக் குறைந்த படகில் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் லைஃப் ஜாக்கெட் அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம்.

கோடையில் காட்டுத்தீ எச்சரிக்கையின் உச்சநிலை அறிவிக்கப்பட்ட நாளில் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். முழுத் தீத்தடை நாளில் கரி அடுப்பு மூட்டுவது குற்றம்.

பணம் கட்டிய படகுச் சுற்றுலாவை நடத்துநரே தம் பக்கக் காரணத்தால் நடத்தாமல் விட்டாலோ, வாடகைப் படகின் இன்ஜின் பாதியில் நின்றாலோ, "பணம் திருப்பித் தரப்படாது" என்ற பலகை உங்கள் உரிமையைப் பறித்துவிடாது. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் அதற்கு மேலே நிற்கிறது. ரசீதையும் குறுஞ்செய்தியையும் வைத்துக்கொண்டு முதலில் நடத்துநருக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங், எண் 13 32 20. அங்கும் தீராவிட்டால் மாநிலத் தீர்ப்பாயம். ஆங்கிலம் தடையென்றால் 131 450-ஐ அழைத்துத் தமிழில் பேசலாம்.