தேடினால் கிடைக்க வேணும்: தரவுத்தளமும் சுட்டியும்

வடமராட்சியின் உடுப்பிட்டி, சிவசம்புப் புலவர் பிறந்த ஊர். அவரைப் பற்றி அறிய விரும்பும் ஒருவர் இன்று நூலக அலுமாரியைத் திறப்பதில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' போன்ற எண்ணிம நூலகத்தில் ஊர்ப் பெயரைத் தட்டுகிறார். நாமும் பள்ளிவாசல் பதிவேடு, மத்ரஸா மாணவர் விபரம், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் விபரம் என்று பலதையும் கணினியில் ஏற்றுகிறோம். ஏற்றினால் மட்டும் போதுமா? தேடுகிறபோது கிடைக்க வேணுமே!

பத்து இலட்சம் பதிவுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுட்டி இல்லாவிட்டால் கணினி முதற் பதிவிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகப் பார்க்கும். சுட்டி என்பது புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி. பெயர்கள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் பதிவின் இடம் இருக்கும். பெரும்பாலான தரவுத்தளங்கள் இதற்குப் 'பி-ட்ரீ' அமைப்பையே கையாள்கின்றன. பேயர், மெக்கிரைட் என்ற இருவர் 1972இல் இதை வெளியிட்டார்கள். ஒரு கணுவில் நூறு கிளைகள் என்றால் நூறு, பத்தாயிரம், பத்து இலட்சம் என்று மூன்றே படிகளில் ஆளைப் பிடித்துவிடலாம்.

ஆனால் சுட்டி எல்லாவற்றுக்கும் உதவாது. அகராதியில் 'உடு' என்று தொடங்கும் சொற்களை உடனே எடுக்கலாம். 'பிட்டி' என்று முடியும் சொற்களை எடுக்க முழு அகராதியையும் புரட்ட வேணும். கணினிக்கும் அதே கதைதான். ஊர், ஆண்டு என்ற வரிசையில் ஒரே சுட்டி போட்டால், ஊரை மட்டும் கேட்டாலும் பதில் வேகமாக வரும். ஆண்டை மட்டும் கேட்டால் பெரும்பாலும் அது பயன்படாது.

அப்படியானால் எல்லாப் பத்திகளுக்கும் சுட்டி போட்டுவிடலாமே என்று கனபேர் நினைப்பார்கள். கூடாது. புதுப் பதிவு ஒன்று சேரும்போது ஒவ்வொரு சுட்டியிலும் எழுத வேணும். சேர்ப்பது மெதுவாகும், இடமும் பிடிக்கும். ஆண், பெண் என்று இரண்டே பெறுமதி உள்ள பத்திக்குச் சுட்டி போட்டுப் பெரிதாகப் பலனில்லை. அடிக்கடி தேடப்படும், ஒரு சில பதிவுகளை மட்டும் பிரித்தெடுக்கும் பத்தியைத் தெரிவு செய்யுங்கள். 'எக்ஸ்பிளெயின்' கட்டளை கொடுத்தால், தேடல் எந்த வழியால் போகிறதென்று தரவுத்தளமே காட்டும்.

நமக்கு முக்கியமான சங்கதி எழுத்துத்தான். முகம்மது, முஹம்மது, முகமது: மூன்றும் நமக்கு ஒரே பெயர். சுட்டிக்கு மூன்று பெயர். 'சிவசம்புப் புலவர்' என்பதில் ஓர் ஒற்று விடுபட்டாலும் அது வேறிடத்துக்குப் போய்விடும். ஆவணத்தில் உள்ளதை உள்ளபடி ஒரு பத்தியில் வைத்துவிட்டு, பொது எழுத்து வடிவத்தை இன்னொரு பத்தியில் எழுதி, அதற்குச் சுட்டி போடுவதே நல்லது.

இல்லாவிட்டால் "இல்லை" என்ற பதில்தான் வேகமாக வரும். வாப்பாவின் பெயரை, விட்டுவந்த வளவின் பதிவைத் தேடி வருகிற பிள்ளை அதை நம்பித் திரும்பிப் போய்விடும். பதிவோ உள்ளேயே கிடக்கும்.