பட்டி போல்டன்: பதிவேடுகளில் மட்டும் எஞ்சிய ஜாஸ் முன்னோடி

1907 ஜூன் மாதம், அமெரிக்காவின் லூசியானா மாநில அரசு மனநலக் காப்பகத்தில் 29 வயதுக் கறுப்பினத்தவர் ஒருவர் அடைக்கப்பட்டார். 1931 நவம்பர் 4 அன்று அங்கேயே இறந்தார். சார்லஸ் போல்டன் என்னும் அவரை நியூ ஆர்லியன்ஸ் நகரம் ‘பட்டி’ போல்டன் என்று அறிந்திருந்தது. ஜாஸ் இசைக்கு உருவம் தந்தவர்களில் முதன்மையானவராக இன்று போற்றப்படும் அவரது கார்னெட் குழலின் ஒலிப்பதிவு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. சக கலைஞர்களின் நினைவுகளையும் ஒரு குழுப் புகைப்படத்தையும் தவிர்த்தால், 1906இல் அவர் கைதானபோது செய்தித்தாள்கள் எழுதிய குறிப்புகளும் அரசுப் பதிவேடுகளுமே மிஞ்சுகின்றன.

இந்த இசையின் வேர்களைத் தேடுவோர் சட்டப் புத்தகங்களையும் புரட்ட வேண்டும். 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தனர்; அடுத்த ஆண்டே அங்கு அவர்கள் முரசு வைத்திருப்பதைச் சட்டம் தடுத்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த லூசியானாவில் 1724ஆம் ஆண்டின் அடிமைச் சட்டம் வெவ்வேறு உடைமையாளர்களின் அடிமைகள் ஒன்றுகூடுவதைத் தடைசெய்தது. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை வேலையிலிருந்து விலக்களித்தது. அந்த இடைவெளியில்தான் ஆப்பிரிக்கத் தாளங்கள் உயிர்பிழைத்தன. 1817இல் நியூ ஆர்லியன்ஸ் நகர மன்றம், மேயர் குறிக்கும் இடத்தில் மட்டும், ஞாயிறன்று மட்டும் கூடலாம் என வரையறுத்தது. காங்கோ சதுக்கம் என்று நாம் அறிவது அந்த இடத்தையே. இதை நகரத்தின் தாராள மனமாகக் கொண்டாடுவோர் உண்டு. கூட்டத்தை ஓரிடத்தில் அடைத்துக் கண்காணிப்பதற்கான ஏற்பாடு என்பதே என் வாசிப்பு.

அடிமை முறை ஒழிந்த பின்னும் நகரில் படிநிலைகள் நீடித்தன. பிரெஞ்சு பேசிய கலப்பினக் கிரியோல்களில் பலர் போருக்கு முன்பே சுதந்திரர், இசைக்குறியீடு கற்றவர்கள், செவிவழி வாசித்த கறுப்பினக் கலைஞர்களைத் தாழ்வாகவே எண்ணினர். அம்பேத்கர் ‘படிநிலைச் சமத்துவமின்மை’ என்றது நினைவுக்கு வருகிறது. 1890இல் லூசியானா தனி இரயில் பெட்டிச் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து வெள்ளையர் பெட்டியில் அமர்ந்து 1892இல் கைதான ஹோமர் பிளெஸ்ஸி, செருப்புத் தைக்கும் தொழில் செய்த ஒரு கிரியோல். 1896இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேலே இருந்ததாக நம்பியவர்களும் அதே பெட்டிக்குத் தள்ளப்பட்டனர். இசைக்குறியீடும் செவிஞானமும் நெருங்கி உரசிய காலம் அது. இதற்காகச் சட்டத்திற்கு நன்றி கூறுவது அபத்தம். உரசலை இசையாக்கியவர்கள் மனிதர்கள்.

அவர்களில் ஒருவரான போல்டன் 1877இல் பிறந்தவர். சுவர்ப்பூச்சு வேலையும் செய்தவர். தேவாலயப் பாடலின் உருக்கத்தையும் புளூஸின் மந்த நடையையும் நடன அரங்கிற்குக் கொண்டுவந்தார். அவர் வாசித்த அரங்கு ஒன்றில் இரவு நடனம் நடக்கும். ஞாயிறு காலை அங்கேயே வழிபாடு நடக்கும்.

1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது. வாசித்தவர்கள் அனைவரும் வெள்ளையர்கள். அக்குழுவின் தலைவர் நிக் லரோக்கா, ஜாஸின் உருவாக்கத்தில் கறுப்பினத்தவருக்குப் பங்கே இல்லை என்று பிற்காலத்தில் வாதிட்டார். இசைத்தட்டு விற்பனையான அந்த ஆண்டு, போல்டன் காப்பகத்தில் பத்தாண்டுகளைக் கடந்திருந்தார்.

நியூ ஆர்லியன்ஸின் ஏழைகளுக்கான ஹோல்ட் இடுகாட்டில் அவர் புதைக்கப்பட்டார். பின்னாளில் அங்கே ஒரு நினைவுக்கல் நடப்பட்டது. அவரது குழி எதுவென்று மட்டும் யாராலும் காட்ட இயலவில்லை.