பிளாக் வாட்ச் ரெஜிமென்ட்

பிளாக் வாட்ச் என்பது பிரித்தானியத் தரைப்படையைச் சேர்ந்த ஸ்காட்லாந்துக் காலாட்படை ரெஜிமென்ட் ஆகும். இது 1739இல் உருவாக்கப்பட்டது. 2006இல் தனி ரெஜிமென்ட் என்னும் நிலையை இழந்து, ஸ்காட்லாந்து அரச ரெஜிமென்டின் 3ஆவது பட்டாலியனாக மாறியது. எண்ணும் அமைப்பும் பலமுறை மாறியபோதும், இதன் பெயரும் அடையாளங்களும் இன்றுவரை நிலைத்துள்ளன.

பெயரும் தோற்றமும்

ஸ்காட்லாந்தின் வடபகுதி மலைநாட்டில் 1715இல் யாக்கோபியர் கிளர்ச்சி நடந்தது. அங்கு அமைதி காக்க, 1725இல் ஜெனரல் ஜார்ஜ் வேட் ஆறு கம்பெனிகளைத் திரட்டினார். அரசருக்கு விசுவாசமான கேம்பெல், கிராண்ட், ஃபிரேசர், மன்றோ ஆகிய குலங்களிலிருந்து வீரர்கள் சேர்க்கப்பட்டனர். மலைநாட்டைக் காக்க மலைநாட்டாரையே அமர்த்திய ஏற்பாடு இது. காவல் பணியாலும், அணிந்திருந்த கருநிறக் கட்டம்போட்ட துணியாலும் 'கறுப்புக் காவல்' என்னும் பொருள்படும் இப்பெயர் வந்தது என்பர்.

1739இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் மேலும் நான்கு கம்பெனிகளைச் சேர்த்து இதனை முழு ரெஜிமென்டாக்கினார். முதல் அணிவகுப்பு 1740இல் டே ஆற்றங்கரையில், அபர்ஃபெல்டி ஊருக்கு அருகே நடைபெற்றது. 1749 முதல் இது 42ஆவது ரெஜிமென்ட் என்னும் எண்ணைப் பெற்றது.

1743ஆம் ஆண்டுக் கலகம்

தாங்கள் மலைநாட்டில் மட்டுமே பணிபுரிவோம் என்று வீரர்களில் பலர் நம்பியிருந்தனர். 1743இல் ரெஜிமென்ட் லண்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது, நோய்களுக்குப் பெயர்போன மேற்கிந்தியத் தீவுகளுக்குத் தங்களை அனுப்பப்போகிறார்கள் என்ற வதந்தி பரவியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இரவோடு இரவாக வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். நார்தாம்ப்டன்ஷயரில் அவர்கள் சுற்றிவளைக்கப்பட்டுச் சரணடைந்தனர். மூவர் லண்டன் கோபுரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். எஞ்சியோரில் பலர், எந்தக் கடல்கடந்த பணிக்கு அஞ்சினார்களோ அதற்கே தண்டனையாக அனுப்பப்பட்டனர்.

போர்க்களங்கள்

1745இல் ஃபாண்டனாய் போரில் இந்த ரெஜிமென்ட் முதன்முதலாகப் பெயர் பெற்றது. 1758இல் வட அமெரிக்காவின் டைகாண்டரோகா கோட்டையைத் தாக்கியபோது, 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காயமடைந்தனர். இது களமிறங்கியவர்களில் பாதிக்கும் அதிகம். பின்னர் வாட்டர்லூ (1815), அல்மா (1854), லக்னோ (1858) ஆகிய இடங்களிலும் போரிட்டது.

முதல் உலகப்போரில் டண்டீ நகரத்தாரைக் கொண்ட 4ஆவது பட்டாலியன், 1915 செப்டம்பர் 25 அன்று லூஸ் போரில் பேரிழப்பைச் சந்தித்தது. ஒரே ஊரார் ஒரே பட்டாலியனில் சேர்ந்திருந்ததால், அந்த ஒரு நாளின் துயரம் நகரம் முழுவதையும் தாக்கியது. அந்நாளில் டண்டீ குன்றின் நினைவுச் சின்னத்தில் இன்றும் சுடர் ஏற்றப்படுகிறது. பின்னாளில் இந்தியாவின் வைசிராயாக இருந்த வேவல், இந்த ரெஜிமென்டில்தான் தம் படைவாழ்வைத் தொடங்கினார்.

அமைப்பு

பிரித்தானியப் படையில் ரெஜிமென்ட் என்பது ஒரு குடும்பம் போன்றது. களத்தில் போரிடும் அலகு பட்டாலியன் ஆகும். ஒரு பட்டாலியன் பல கம்பெனிகளாகப் பிரிக்கப்படும். 42ஆவது ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியன் 1786இல் 73ஆவது ரெஜிமென்டாகத் தனியே பிரிந்தது. அது 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையிலும், 1815இல் இலங்கையின் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றியதிலும் பங்கேற்றது. 1881ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் இரண்டும் மீண்டும் ஒன்றாயின. அதன்படி ஒரு பட்டாலியன் தாயகத்திலும் மற்றொன்று கடல்கடந்தும் பணியாற்றும். பெர்த், ஃபைஃப், ஆங்கஸ், டண்டீ ஆகியவை ஆள்சேர்ப்புப் பகுதிகளாயின. போர்க்காலத்தில் பட்டாலியன்கள் பெருகின. முதல் உலகப்போரில் அவை 25 ஆயின.

இணைப்பு

2004 டிசம்பரில் ஸ்காட்லாந்துக் காலாட்படை ரெஜிமென்டுகளை ஒன்றாக இணைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. பிளாக் வாட்ச் வீரர்கள் ஈராக்கில் ஆபத்தான பணியில் இருந்த மாதங்களிலேயே இத்திட்டம் பேசப்பட்டதால், ஸ்காட்லாந்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆட்பலத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த ஒரே பெரிய ரெஜிமென்ட் தேவை என்பது அரசின் வாதம். ஊரோடும் குடும்பத்தோடும் உள்ள பிணைப்பு அறுந்தால் ஆள்சேர்ப்பே குறையும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். 2006 மார்ச் 28 அன்று இணைப்பு நடைமுறைக்கு வந்தது.

எனினும் பட்டாலியனின் பெயரில் 'பிளாக் வாட்ச்' என்பதே முன்னால் நிற்கிறது. 1822ஆம் ஆண்டு ஆணையால் இந்த ரெஜிமென்டுக்கே உரியதாக்கப்பட்ட சிவப்பு இறகுக் குஞ்சத்தை அதன் வீரர்கள் இன்றும் தொப்பியில் அணிகின்றனர். ரெஜிமென்டின் அருங்காட்சியகம் பெர்த் நகரின் பல்ஹௌசி கோட்டையில் உள்ளது.