நாகா மொழிகளின் வகைப்பாடு: இனப்பெயரும் மொழிக்கிளையும்

முன்னுரை

நாகாலாந்து, மணிப்பூர், அருணாசலப் பிரதேசம், அசாம் ஆகிய மாநிலங்களிலும் மியான்மரின் வடமேற்குப் பகுதியிலும் வாழும் நாகா இனக்குழுக்கள் பேசும் மொழிகள் திபெத்திய-பர்மிய மொழிக்குடும்பத்தைச் சார்ந்தவை. இவற்றை ஒரே கிளையாகக் கொள்ளும் வழக்கம் பாடநூல்கள் சிலவற்றில் இன்றும் உள்ளது. அவ்வழக்கம் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கிரியர்சனின் பகுப்பு

கிரியர்சன் பதிப்பித்த இந்திய மொழியியல் அளவாய்வின் மூன்றாம் தொகுதி, இரண்டாம் பகுதி (1903) இம்மொழிகளை மேற்கு, நடு, கிழக்கு, நாகா-போடோ, நாகா-குக்கி என ஐந்தாகப் பகுத்தது. அங்காமி, சேமா, ரெங்மா ஆகியவை மேற்குப் பிரிவிலும், ஆவோ, லோத்தா ஆகியவை நடுப் பிரிவிலும் இடம்பெற்றன. நிலப்பரப்பின் அண்மையும் கிடைத்த சொற்பட்டியல்களுமே இப்பகுப்பிற்குப் பெரிதும் துணைநின்றன. இதனால் பின்னர்த் திருத்தங்கள் தேவைப்பட்டன. நாகா-குக்கிப் பிரிவில் வைக்கப்பட்ட மாவோ மொழி இன்று அங்காமி-போச்சுரிக் குழுவில் சேர்க்கப்படுகிறது. நாகா-போடோவில் வைக்கப்பட்ட மிக்கிர், அதாவது கர்பி, நாகா மொழிகளுள் எண்ணப்படுவதில்லை.

கொன்யாக் மொழிகளின் இடம்

பெரிய மாற்றம் கிழக்குப் பிரிவில் நிகழ்ந்தது. கொன்யாக், நோக்தே, வாஞ்சோ முதலிய மொழிகள் போடோ-காரோ, ஜிங்போ மொழிகளோடு ஒரே கிளையாகும் என்று ராபின்ஸ் பர்லிங் 1983இல் முன்மொழிந்தார். 'ஞாயிறு' என்னும் பொருளில் காரோ மொழியில் வழங்கும் 'சால்' என்னும் சொல்லைக் கொண்டு அதற்கு 'சால்' கிளை எனப் பெயரிட்டார். நெருப்பைக் குறிக்கத் திபெத்திய மொழியில் 'மே', பர்மிய மொழியில் 'மீ' எனவும், காரோவில் 'வால்' எனவும் வழங்குவது இக்கிளையின் தனித்தன்மைக்கு ஒரு சான்று. தொல்மொழியிலிருந்து பலவற்றிலும் எஞ்சிய பொதுக்கூறு நெருங்கிய உறவை நிறுவாது. ஒரு கிளை மட்டும் பகிர்ந்துகொண்ட புத்தாக்கமே நிறுவும். இவ்வளவையின்படி கொன்யாக் மொழிகள் ஆவோ, அங்காமி மொழிகளைவிடக் காரோவுக்கே நெருங்கியவை.

எஞ்சிய குழுக்கள்

ஆவோ, அங்காமி-போச்சுரி, செமே, தாங்குல் ஆகிய குழுக்கள் ஒவ்வொன்றும் உள்ளொற்றுமை உடையவை. ஆயினும் இவை நான்கும் தம்முள் ஒரே கிளையாகுமா, குக்கி-சின் மொழிகளோடு இவற்றின் உறவு எத்தகையது என்பனவற்றில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. வேறுபட்ட நாகா குழுக்கள் தம்முள் உரையாடப் பயன்படுத்தும் நாகாமிய மொழியோ அசாமியத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே அது இவ்வகைப்பாட்டினுள் அடங்காது.

முடிவுரை

'நாகா' என்பது இனப்பெயர். மொழிக்கிளையின் பெயர் அன்று. மொழிகள் பல கிளைகளைச் சார்ந்தவை என்பதால் அம்மக்களின் இன ஒருமைப்பாட்டு உணர்வு பொய்யாகிவிடாது. அவ்வுணர்வு வரலாற்றாலும் சமூக வாழ்வாலும் உருவானது. அதுபோன்றே இன ஒருமைப்பாடு மொழியுறவுக்குச் சான்றாகாது. இவ்விரண்டையும் பிரித்துணராமல் 'தொல்-நாகா' வடிவங்களை மீட்டுருவாக்க முற்படும் ஆய்வு, இல்லாத ஒரு தாய்மொழியைக் கற்பிப்பதாகவே முடியும். ஆதலின் ஒவ்வொரு குழுவிற்கும் முறையான ஒலி ஒப்பீட்டை முதலில் நிறைவேற்றி, அதன்பின் மேல்நிலை உறவுகளை ஆராய்வதே தக்க நெறியாகும்.