மலைக்காட்டு நடைபாதைகள்: குழுவுக்கு ஏற்ற பாதையைத் தெரிவுசெய்தல்

கல்விச் சுற்றுலாவுக்கு இடம் தெரிவுசெய்யும்போது மாணவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீற்றர்?" என்பதாகும். சமதரையில் இக்கேள்வி போதுமானது. மலைக்காட்டில் அது போதாது. ஏற்றம், தரையின் தன்மை, வானிலை, செல்வோரின் உடல்நிலை ஆகிய நான்கையும் சேர்த்தே பாதையின் கடினத்தை மதிப்பிட வேண்டும். இதனை ஹோட்டன் சமவெளியை உதாரணமாகக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

1. பிரதேசத்தின் இயல்பு

நுவரெலியா மாவட்டத்தில் அமைந்துள்ள ஹோட்டன் சமவெளி 1988 ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் சிவனொளிபாத மலைக்காடு, நக்கிள்ஸ் காடு என்பவற்றுடன் இணைந்து இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இதன் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேல் உள்ளது. 'பத்தனா' எனப்படும் புல்வெளிகளும் முகிற்காடுகளும் இங்கு மாறிமாறிக் காணப்படுகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய கங்கைகளுக்கு நீர் வழங்கும் ஓடைகள் இங்கு ஊற்றெடுக்கின்றன.

1000 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறையும் என நீங்கள் கற்றிருப்பீர்கள். எனவே கொழும்பில் 27 பாகையாக இருக்கும்போது இங்கு 13 பாகையளவில் இருக்கும் எனக் கணிக்கலாம். வளியமுக்கமும் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகும். இதனால் கீழ்நாட்டில் இலகுவாக நடப்பவருக்கும் இங்கு விரைவில் மூச்சு வாங்கலாம்.

2. மூன்று பாதைகள்

(அ) உலக முடிவுச் சுற்றுப் பாதை: ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நீளமானது. சிறிய உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகியவற்றைக் கண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம். பெரிய ஏற்றம் இல்லை. ஆயினும் கற்களும் மர வேர்களும் நிறைந்திருப்பதால் ஓய்வு உட்பட 3 முதல் 4 மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். நடைப் பழக்கமுள்ள பெரும்பாலான மாணவர்களுக்கு இது ஏற்றது.

(ஆ) தொட்டுபொல மலைப் பாதை: பட்டிப்பொலப் பக்க நுழைவாயிலை அண்டித் தொடங்கும் இப்பாதை ஒரு வழியில் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் ஆகும். உச்சி 2357 மீற்றர். தூரம் குறைவு எனினும் தொடர்ந்து ஏற வேண்டும். நீண்ட நேரம் நடக்க முடியாவிட்டாலும் ஏறும் வலிமை உள்ளவருக்கு இது பொருந்தும்.

(இ) கிரிகல்பொத்த மலைப் பாதை: இலங்கையின் இரண்டாவது உயரமான இம்மலையின் உச்சி ஏறத்தாழ 2390 மீற்றர் ஆகும். போய்வர ஏறத்தாழ 14 கிலோமீற்றர் நடக்க வேண்டும். சேற்று நிலமும் அடர்ந்த புதர்களும் குறுக்கிடும். இது அனுபவமுள்ளோருக்கே உரியது.

முழங்கால் நோயுள்ளவர்கள், முதியோர், சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோர் ஆகியோருக்கு இம்மூன்றும் பொருந்தாமல் போகலாம். அவர்களையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பூங்காவினூடாகச் செல்லும் வீதியில் வாகனத்திலிருந்தே புல்வெளியையும் மேயும் மரைகளையும் பார்க்க முடியும்.

3. நேரத்தைக் கணித்தல்

1892 இல் ஸ்கொட்லாந்து மலையேறுநரான வில்லியம் நெய்ஸ்மித் எளிய விதி ஒன்றைக் கூறினார். ஒவ்வொரு 5 கிலோமீற்றருக்கும் 1 மணித்தியாலம், ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் மேலும் 1 மணித்தியாலம் என்பதே அதுவாகும்.

உதாரணம்: கிரிகல்பொத்த
14 கி.மீ. நடக்க: 2 மணி 48 நிமிடம்
ஏறத்தாழ 290 மீற்றர் ஏற: 29 நிமிடம்
மொத்தம்: 3 மணி 17 நிமிடம்

இது நல்ல பாதையில் ஓய்வின்றி நடப்பவருக்கான நேரம் என்பதை மறக்க வேண்டாம். சேறு, புதர், இடையிலுள்ள ஏற்ற இறக்கங்கள், ஓய்வு என்பவற்றைக் கருதி 6 மணித்தியாலமாவது ஒதுக்குவதே பாதுகாப்பானது.

4. கவனிக்க வேண்டியவை

உலக முடிவில் நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாகக் கீழிறங்குகிறது. இடவிளக்கப் படத்தில் இங்கு சமவுயரக் கோடுகள் மிக நெருங்கியிருக்கும். முற்பகல் 9, 10 மணியளவில் கீழிருந்து மூடுபனி எழுந்து, பள்ளத்தாக்கை மட்டுமன்றி விளிம்பையும் மறைத்துவிடுவதுண்டு. ஆகவே அதிகாலையிலேயே புறப்படுங்கள். பனி மூடினால் விளிம்பை விட்டு விலகி, பாதையிலேயே நில்லுங்கள்.

குழுவின் வேகம் என்பது அதில் மெதுவாக நடப்பவரின் வேகமே. அவரை முன்னே நடக்கவிடுங்கள். ஈழை நோய் உள்ளவர் மருந்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். போன வழியே திரும்பும் பாதையெனின், திரும்பும் நேரத்தை முன்கூட்டியே தீர்மானியுங்கள். காலை 7 மணிக்குப் புறப்பட்டு பிற்பகல் 1 மணிக்குள் திரும்ப வேண்டுமாயின், 10 மணிக்கு எங்கு நின்றாலும் திரும்ப வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் இவ்விதி மாறாது. உச்சியை அடைவதுடன் பயணம் முடிவதில்லை; அனைவரும் திரும்பிவந்த பின்னரே முடிகிறது.

பாதையை விட்டு விலகிப் புல்வெளியில் நடந்தால் புல் மிதிபட்டு மண்ணரிப்பு ஏற்படும். பொலித்தீன் எடுத்துச் செல்வதைத் தவிருங்கள்.

பயிற்சி

1. மலைப்பாதை ஒன்றின் கடினத்தைத் தீர்மானிக்கும் காரணிகள் நான்கினைத் தருக.
2. 12 கிலோமீற்றர் நீளமும் 450 மீற்றர் ஏற்றமும் உள்ள பாதைக்கு நெய்ஸ்மித் விதிப்படி தேவைப்படும் நேரம் யாது? (விடை: 3 மணி 9 நிமிடம்)
3. உங்கள் வகுப்பில் ஈழை நோயுள்ள ஒருவரும் கால் ஊனமுற்ற ஒருவரும் உள்ளனர். வகுப்பு முழுவதும் கலந்துகொள்ளத்தக்க ஹோட்டன் சமவெளிப் பயணம் ஒன்றைத் திட்டமிட்டு, உமது தெரிவுக்கான காரணங்களை விளக்குக.