குழாய்ச் சொட்டல்

குழாய்ச் சொட்டல் என்பது, மூடிய பின்னரும் தண்ணீர்க் குழாயிலிருந்து நீர் துளித்துளியாக விழும் பழுது ஆகும். சொந்த வீட்டில் குடும்பம் நடத்துவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் சிறு பழுதுகளுள் இதுவும் ஒன்று.

காரணங்கள்

திருகுக் குழாயின் உள்ளே, தண்டின் அடியில் உள்ள ரப்பர் வாசர் நீர்வழியை அடைக்கிறது. நாளடைவில் இது தேய்ந்தாலோ கெட்டிப்பட்டாலோ நீர் கசியும். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் உள்ளே படியும் சுண்ணாம்பும் ஒரு காரணமாகும். சொட்டுவதைக் கண்டு மேலும் இறுக்கித் திருகினால் வாசர் இன்னும் விரைவாகத் தேயும். கால் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாய்கள் பலவற்றில் வாசருக்குப் பதிலாகப் பீங்கான் தட்டுகள் உள்ளன.

நீரிழப்பு

4,000 துளிகள் 1 லிட்டர் எனக் கொண்டால், நொடிக்கு ஒரு துளி வீதம் ஒரு நாளில் 86,400 துளிகள், அதாவது 21.6 லிட்டர் நீர் வீணாகும்.

சரிசெய்தல்

1. குழாய்க்கு நீர் வரும் வால்வை மூட வேண்டும்.
2. குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடிக்க வேண்டும்.
3. ஸ்பேனரால் தலைப்பகுதியைக் கழற்றி, அதே அளவுள்ள புதிய வாசரைப் பொருத்த வேண்டும்.

வால்வை மூடாமல் கழற்றினால் மேல்நிலைத் தொட்டியின் நீர் வீட்டுக்குள் பாயும். வால்வு இருக்குமிடம் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர் வெளியூர் சென்ற நாளில் குழாய் உடைந்தால் நீரை நிறுத்த ஆளிருக்காது. எனவே கணவன், மனைவி இருவருமே அதை ஒருமுறையேனும் மூடித் திறந்து பார்த்திருக்க வேண்டும்.