அண்ணி போட்ட சோறு

வடலூருக்குப் போனால் நான் முதலில் தருமசாலை அடுப்படிக்குத்தான் போவேன். ஞானசபையில் திரை விலகும் தரிசனம் பிறகு. 1867 வைகாசியில் வள்ளலார் மூட்டிய அடுப்பு அது. இன்றுவரை அணையவிடாமல் காத்து வருகிறார்கள். பார்வதிபுரத்து மக்கள் சுமார் 80 காணி நிலத்தை எழுதிக் கொடுக்க, பசித்து வந்தவர் எவரானாலும் சாதி, மதம், ஊர் கேட்காமல் சோறு போடுவதென்று ஏற்பாடு. கடவுளுடைய அருள் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த அடுப்புதான் நினைவுக்கு வரும். தகுதி பார்த்துப் போட்டால் அது கூலி.

வள்ளலார் வரலாற்றில் வீட்டுச் சாமான்கள் வந்துகொண்டே இருக்கும். சிறுவயதில் சென்னை ஏழுகிணற்றில் அண்ணன் வீட்டு அறையில் ஒரு கண்ணாடியை வைத்து, விளக்கேற்றி உட்கார்ந்தார். அதற்குள் தணிகை முருகன் தெரிந்தான் என்பார்கள். அதைவிட என் மனசைப் பிடித்தது வேறு ஒன்று. படிக்காமல் கோயில் கோயிலாகச் சுற்றுகிறானே என்று அண்ணன் கோபித்து, இவனுக்குச் சோறு போடக்கூடாது என்றபோது, அண்ணி மறைவாகக் கூப்பிட்டுப் போட்டாராம். தருமசாலை அடுப்பின் முதல் பொறி அந்த அண்ணியின் சமையற்கட்டில்தான் விழுந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு ஆற்றாமைதான்.

அப்புறம் கருங்குழிக் கலயம். வேங்கட ரெட்டியார் வீட்டில் வள்ளலார் தங்கியிருந்தபோது, வீட்டு அம்மாள் முத்தியாலம்மாள் புதுக் கலயத்தைப் பழக்கத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு வெளியே போயிருந்தார். இரவெல்லாம் எழுதிய அவர் அதை எண்ணெய் என்று நினைத்து விளக்கில் ஊற்ற, விடியும்வரை எரிந்ததாம். எல்லோரும் தண்ணீர் எரிந்ததைச் சொல்வார்கள். மண்சட்டியில் குழம்பு வைக்கிற எனக்குக் கலயம்தான் கண்ணில் படுகிறது. புதுச்சட்டியை அப்படியே தீயில் ஏற்றினால் விரிசல் விடும். தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி வடித்து ஊற்றி, மெல்ல மெல்லத்தான் சூட்டுக்குப் பழக்க வேண்டும். அருளும் நம்மை அப்படித்தான் நடத்துகிறது: ஊறவைத்த பிறகே தீயில் ஏற்றுகிறது. என் வீட்டுக்காரர் போன பிறகு வந்த கஷ்டத்தைத் தாங்கினேன் என்றால், அதற்கு முன்னாலேயே எத்தனையோ பேருடைய அன்பில் நான் ஊறியிருந்ததுதான் காரணம்.

அந்த அன்பைத் திருப்பிக் கொடுக்க எனக்கும் ஓர் இடம் உண்டு. சேதராப்பட்டில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே தொழிற்பேட்டை. மாடியறையில் வடக்கேயிருந்து வேலைக்கு வந்த பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். நைட் ஷிப்டு முடிந்து காய்ச்சலோடு வந்து படுத்தால், கஞ்சி வேண்டும் என்று கேட்க அவர்களுக்குத் தமிழ் வராது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் தள்ளாடினாலே எனக்குத் தெரிந்துவிடும்.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாகத் தகர டப்பாவில் போட்டுவைப்பது என் மாமியார் சொல்லிக்கொடுத்த வழக்கம். தைப்பூசத்துக்கு அது வடலூருக்குப் போகும். ஒரு வருஷம் மாடியில் பையன்கள் மூன்று பேரும் ஒன்றாகக் காய்ச்சலில் படுத்துக்கொள்ள, அவர்கள் கஞ்சிக்கே டப்பாவில் பாதி காலியானது. மீதியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாடிக்குப் போன அரிசியும் தருமசாலைக்குக் கொடுத்த கணக்குத்தான்.